பூனைக்காலி

பேச்சியை இனிக் கிணற்றடிக்குக் கூட்டி வரக் கூடாது என்று இரஞ்சிதம் சொன்னபோது வீரம்மாவின் இரண்டு கையும் மிளகாய்க் காந்தலில் எரிந்துகொண்டிருந்தன. காலையிலிருந்து பழம் பறித்த பெண்கள் கை கழுவுவதற்காகக் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். வீரம்மா வாளிக் கயிற்றைப் பிடித்தாள்.

“வை அந்தக் கயிறை,” என்றாள் இரஞ்சிதம். “உன்ர பிள்ளைக்கு வந்திருக்கிறது தொத்து வருத்தம். இந்தத் தண்ணியைத்தான் நாங்கள் குடிக்கிறம், குளிக்கிறம். இனி அவளும் வரக் கூடாது, நீயும் வரக் கூடாது.”

“அப்ப வேலைக்குங்கம்மா?”

“வேலைக்கு வா. அதை ஆர் வேண்டாமெண்டது? கிணத்தடிக்குத்தான் வராதை.”

பக்கத்தில் நின்ற பெண்களில் இரண்டு பேர் தங்கள் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வீரம்மா கயிற்றை விட்டுவிட்டு, எரிகிற கையைச் சேலையில் துடைத்தபடி நடந்தாள். குளம் அங்கிருந்து வெகு தூரம். போய்ச் சேர்வதற்குள் காந்தல் முழங்கை வரை ஏறிவிட்டது.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைத் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தை எரித்துவிட்டார்கள். அதன் பிறகு வீரம்மாவும் அவள் புருசன் மாயாண்டியும் கைக்குழந்தையைப் போல ஒரு மூட்டையையும், மூட்டையைப் போல உறங்கிக் கிடந்த பேச்சியையும் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தவர்கள். விசுவமடுவுக்கு உள்ளே காடு வெட்டி ஒரு குடிசை போட்டார்கள். செல்வநாயகத்தின் மிளகாய்த் தோட்டத்தில் வேலை கிடைத்தது. செல்வநாயகம் அதிகம் பேசாத மனிதர். விடிந்தால் பூச்சிமருந்து மிசினை முதுகில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். வீட்டிலும் வேலையாட்களிடமும் பேசுவதெல்லாம் அவர் மனைவி இரஞ்சிதம்தான்.

பேச்சிக்கு அப்போது எட்டு வயது நடந்தது. மாசி மாதம் அவளுக்கு இடுப்பைச் சுற்றி ஒரு தடிப்பு வந்தது. கயிறு கட்டி இறுக்கியது மாதிரிச் சிவந்த வளையம். அடுத்து கழுத்தைச் சுற்றி, அக்குளில், தோள்மூட்டில். பிள்ளை ராத்திரியெல்லாம் பிறாண்டினாள்.

“அரிக்குதும்மா. உள்ளுக்குள்ள அரிக்குது.”

வீரம்மா தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். வேப்பிலையைப் போட்டு நல்ல கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் காய்ச்சி, பொறுக்கிற சூட்டில் ஊற்றினாள். ஊற்றும்போது பிள்ளைக்குச் சுகமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் தடிப்பெல்லாம் தேங்காய்ப்பூத் துருவிக் கொட்டினது போலப் பொங்கிவிட்டது. அழுக்காக இருக்குமோ என்று சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள்; தோல் உரிந்து நீர் வடிந்தது. கடைசியில் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனாள். அங்கே ரோசா நிறத்தில் ஒரு தண்ணி மருந்து கொடுத்து, சுடுதண்ணீர் வேண்டாம், சவர்க்காரம் வேண்டாம், குளிர்ச்சியாக வைத்திரு, நகத்தை வெட்டிவிடு என்றார்கள். வீரம்மா சொன்னபடி செய்தாள். சோற்றுக் கஞ்சியை ஆறவைத்து, பழைய வெள்ளைத் துணியை அதில் நனைத்துத் தடிப்பின் மேல் போட்டாள். பிள்ளை முதன்முதலாக விடியும் வரை தூங்கினாள்.

சனி ஞாயிறில் தடிப்பு வற்றிவிடும். தேறிவிட்டது என்று வீரம்மா நினைப்பாள். திங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்தால் சாயந்திரமே மறுபடி சிவந்து நிற்கும். பள்ளிக்கூடத்துத் தண்ணியாக இருக்குமோ, வாங்குப் பலகையாக இருக்குமோ என்று அவள் குழம்பினாள்.

அந்த நேரத்தில்தான் இரஞ்சிதம் கிணற்றடியில் வைத்து அப்படிச் சொன்னாள். சொன்னது அங்கே நிற்கவில்லை. ஒரு கிழமைக்குள் பள்ளிக்கூடத்தில் பேச்சியைக் கடைசி வாங்கில் தனியாக இருத்தினார்கள். ‘சொறிப் பேச்சி’ என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். கடைக்காரர் அவள் கையில் இருந்து சில்லறையை வாங்காமல் பலகையில் வைக்கச் சொன்னார். பேச்சி பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போகாமல் நின்ற அந்த நாட்களில் அவள் உடம்பு முழுதாக ஆறிவிட்டது. சிவப்பு மறைந்து, தடித்திருந்த தோல் கறுத்துப் போய் வளையம் மட்டும் தெரிந்தது. ஏன் ஆறியது என்று வீரம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்கியது அவளுடைய நெற்றியால்.

ஒரு நாள் குளத்தில் இருந்து குடத்தைத் தலையில் வைத்துக் கொண்டுவரச் சும்மாடு கட்டத் துணி அகப்படவில்லை. கொடியில் தொங்கிய பேச்சியின் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்துச் சுருட்டித் தலையில் வைத்தாள். குடம் அலம்பித் துணி நனைந்து, நனைந்த தண்ணீர் நெற்றியில் வழிந்தது. அதில் ஒரு மணம் வந்தது. மிளகாய்க்கு மருந்து அடித்த அன்று வரம்பில் நடந்தால் மூக்கில் ஏறுகிற அதே மணம். வீட்டுக்கு வந்து சேரும்போது நெற்றி அரிக்கத் தொடங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தாள். நெற்றியில் தண்ணீர் வழிந்த இடமெல்லாம் சிவந்த தடிப்பு.

அவள் சட்டையை விரித்துப் போட்டு, பேச்சியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினாள். சட்டையின் இடுப்புப் பட்டி எங்கே இருந்ததோ அங்கே பிள்ளையின் இடுப்பு வளையம். கழுத்துப் பட்டி இருந்த இடத்தில் கழுத்து வளையம். கைத் தையல் இருந்த இடத்தில் தோள்மூட்டு. துணி இரண்டு மடிப்பாகத் தைத்திருந்த இடமெல்லாம் பிள்ளை உடம்பில் அச்சாகக் கிடந்தது.

வருத்தமும் இல்லை, தொற்றும் இல்லை. சட்டைதான். அந்தச் சட்டையைத் தைப்பொங்கலுக்கு அவளுக்குக் கொடுத்தது இரஞ்சிதம்.

மறுநாள் பழம் பறிக்கும்போது பக்கத்து நிரையில் தங்கம்மா நின்றாள். அவளும் மலையில் இருந்து வந்தவள்தான். இரஞ்சிதத்தின் வீட்டில் துணி துவைத்து முற்றம் கூட்டுவதும் அவள்தான். வீரம்மா நெற்றியைக் காட்டிக் கேட்டாள். தங்கம்மா முதலில் தெரியாது என்றாள். கூடை நிரம்பும் வரை பறித்தாள். பிறகு குனிந்தபடியே சொன்னாள்.

“ஒன்னு சொல்றேன், என்னைய இழுத்து விட்டுறாத. அந்தச் சட்டைய நான்தான் தொவச்சேன். அவங்க சின்ன மக போட்டுத்தான் மொதல்ல இடுப்பு பூராத் தடிச்சுச்சு. துணிப் பெட்டிக்குள்ள மருந்துப் போத்தல் கவுந்து கெடந்திருக்கு. எரிச்சுருன்னுதான் சொன்னாங்க. பொறகு, நல்ல சட்டை, வீணாக்குவானேன், வீரம்மா புள்ளைக்குக் குடுக்கலாம்னாங்க.”

“தெரிஞ்சே குடுத்தாங்களா?”

“தொவச்சாச்சுல்ல, போயிருக்கும்னு நெனச்சாங்களோ என்னவோ.”

“சரி. எம் புள்ளைக்குத் தடிச்ச பொறகு? அப்பத் தெரிஞ்சிருக்குமில்ல?”

தங்கம்மா அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

“யாழ்ப்பாணத்துல இருந்து அவங்க நாத்தனார் வந்திருந்தாங்க. சின்ன மக இடுப்புல தழும்பப் பாத்துட்டு, இது என்னா வருத்தம், பொம்பளப் புள்ளைய இப்பிடியா வச்சிருக்கிறதுன்னு ஏசினாங்க. அதுக்கு இவங்க, ‘எனக்கென்ன தெரியும், தோட்டக்காட்டில இருந்து வந்ததுகளிட்ட இருந்து பிடிச்சது’ன்னு சொல்லிட்டாங்க. ஒருவாட்டி சொன்னா அதையே பிடிச்சிட்டு நிக்கணுமில்ல? அதான் கிணத்தடில வச்சுச் சொன்னது.”

வீரம்மாவின் கையில் இருந்த பழம் நசுங்கி விதை வெளியே வந்தது. வீட்டுக்குப் போய் மாயாண்டியிடம் மட்டும் சொன்னாள். மாயாண்டி நல்லவன், ஆனால் ஒரு தடவை வீடு எரிந்ததைப் பார்த்தவன்.

“சண்டைக்குப் போனா யாரு நம்மள நம்புவாங்க? இந்த எடமும் போயிரும் புள்ள. சட்டையத் தூக்கி எறிஞ்சிரு. புள்ளைக்கு நல்லாயிருச்சில்ல, அது போதும்.”

“போதுமா?” என்றாள் வீரம்மா.

சட்டையை அன்றே அடுப்பில் வைத்தாள். அது எரிகிற வரை பக்கத்திலேயே இருந்து பார்த்தாள். போதாது என்று அவளுக்குத் தெரிந்தது.

வந்த முதல் வருசம் காடு வெட்டும்போது மாயாண்டி ஒரு கொடியை இழுத்து விழுத்தினான். பூனையின் காலைப் போல வளைந்து, மினுமினுத்த தவிட்டு நிற மயிர் போர்த்திய காய்கள் அதில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. இழுத்தவன் மேலெல்லாம் மயிர் கொட்டியது. பூனைக்காலி. அன்றைக்கு மாயாண்டி நிலத்தில் விழுந்து புரண்ட புரளலை வீரம்மா மறக்கவில்லை. தேய்க்கத் தேய்க்க மயிர் உள்ளே போகும் என்பதும், குழைந்த சோற்றை அப்பி இழுத்தால் அது சோற்றோடு ஒட்டி வரும் என்பதும் அவள் அன்று பட்டுத் தெரிந்துகொண்டவை.

வைகாசி பிறந்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் செல்வநாயகம் வருசா வருசம் ட்ராக்டரில் பெட்டி பூட்டி ஊராட்களை ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். வேலையாட்களுக்கும் பெட்டியின் பின்பக்கத்தில் இடம் உண்டு. பொங்கலுக்கு என்று இரஞ்சிதம் மாம்பழ நிறத்தில் புதுச்சேலை எடுத்திருந்தாள். அதற்குப் பொருத்தமான ரவிக்கை கிளிநொச்சியில் தைத்து வந்திருந்தது. புதுத் துணியை ஒரு தரம் நனைத்துப் போடுவது இரஞ்சிதத்தின் பழக்கம். பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம் ரவிக்கை வேலிப்பக்கக் கொடியில், உட்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப்போட்டபடி காய்ந்தது.

வீரம்மா காலையிலேயே விறகுக்குப் போய்வந்திருந்தாள். கை நிறையத் தேங்காயெண்ணெய் பூசி, உரப் பையின் உள்ளே இருக்கும் பொலித்தீனைக் கையுறை மாதிரிச் சுற்றி, காய்ந்து போன ஐந்தாறு காயைச் சேம்பிலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள். பழக் கூடையோடு வேலியோரம் வந்தாள். வீட்டுக்காரர் சாப்பிட்டுப் படுத்த நேரம். கொடியில் தொங்கிய ரவிக்கையின் உட்பக்கத்தில், அக்குளில், முதுகில், இடுப்பைப் பிடிக்கும் பட்டியில், காயை மெதுவாக உருட்டினாள். பட்டியில் இரண்டு தரம் உருட்டினாள். வெயிலில் மயிர் மினுங்கித் துணியோடு துணியாகப் படிந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற கவனத்தோடு அதைச் செய்தாள்.

மறுநாள் ட்ராக்டர் புறப்படுகிற நேரம் எல்லோரும் ஏறிவிட்டார்கள். பேச்சி தகப்பனின் மடியில், பெட்டியின் கடைசி மூலையில் இருந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள். கடைசியாக இரஞ்சிதம் வந்தாள். சேலைக்கு மேலே ஒரு மெல்லிய சால்வை போட்டிருந்தாள். ஏறப்போனவள் மூலையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“ஆர் அந்தப் பிள்ளையை ஏத்தினது? கோயிலுக்குப் போற பெட்டி. இறக்குங்கோ.”

“புள்ளைக்கு இப்ப ஒன்னுமில்லீங்கம்மா,” என்றான் மாயாண்டி. “பாருங்க, எல்லாம் ஆறிப் போச்சு.”

“ஆறினா என்ன, ஆறாட்டி என்ன. அம்மாளாச்சியின்ர சந்நிதிக்கு உதோட போறதே? இறக்கு எண்டா இறக்கு.”

செல்வநாயகம் முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்காமல் இருந்தார். மாயாண்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். பேச்சி அழவில்லை, பூவை மட்டும் தலையில் இருந்து பிடுங்கிக் கீழே போட்டாள். மாயாண்டி வீரம்மாவைப் பார்த்தான், இறங்கு என்பது போல.

வீரம்மா இறங்கவில்லை.

பிள்ளையை இறக்கிவிட்ட பெட்டியில் தாய் இருக்கிறாளே என்று பக்கத்துப் பெண்களுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. வீரம்மா பெட்டிப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் கதிரை போட்டு இருந்த இரஞ்சிதத்தின் முதுகையே பார்த்தபடி இருந்தாள்.

வெயில் ஏறியது. கிரவல் ரோட்டில் பெட்டி குலுங்கியது. இரஞ்சிதத்தின் முதுகில் வியர்வை பொட்டுப் பொட்டாகப் படரத் தொடங்கியது. முதலில் அவள் தோளை அசைத்தாள். பிறகு சால்வையை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு கையைப் பின்னால் மடக்கி இடுப்புப் பட்டியைச் சொறிந்தாள். அதன் பிறகு கை நிற்கவில்லை.

“என்ன அக்கா, எறும்பே?” என்று ஒருத்தி கேட்டாள்.

“தெரியேல்லையடி. கடிக்குது. ஐயோ, உடம்பெல்லாம் கடிக்குது.”

புதுக்குடியிருப்பை அண்டுவதற்குள் இரஞ்சிதம் கதிரையில் இருக்க முடியாமல் எழும்பிவிட்டாள். கழுத்தில் தடிப்பு ஏறிவிட்டது. கையில், முழங்கையில், விரல் பட்ட இடமெல்லாம் தடித்தது. சொறிந்த கையால் முகத்தைத் துடைத்தாள், கன்னமும் வீங்கியது. பெண்கள் எழும்பிப் பின்னால் வந்தார்கள். இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள்.

“அம்மாள் முத்து போட்டிருக்கிறா போல.”

“தொத்துற வருத்தமெண்டா? கிட்டப் போகாதை.”

“அப்பவே அவவின்ர மகளுக்கும் இருந்ததெண்டு கதைச்சவை.”

பெட்டியின் முன்பாதி வெறுமையாகிவிட்டது. அவ்வளவு பேர் நிறைந்த பெட்டியில் இரஞ்சிதம் தனியாக நடுவில் நின்று, தோளைப் பலகையில் உரசிக்கொண்டு அழுதாள். சேலையை ஒதுக்கிப் பிடித்தவர்களில் அன்று கிணற்றடியில் நின்ற அதே இரண்டு பேரும் இருந்தார்கள். வீரம்மாவுக்கு வயிறு நிறையச் சோறு தின்றது போல இருந்தது. சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் அதை அழுகை என்று நினைத்தார்கள்.

செல்வநாயகம் ட்ராக்டரை ஒரு மரத்தடியில் நிறுத்தினார். பின்னால் வந்த வேறு ட்ராக்டர் ஒன்றில் ஆட்கள் பொங்கல் பானைகளோடு ஏறிக்கொண்டார்கள். இரஞ்சிதத்தோடு திரும்பிப் போக ஒருத்தரும் முன்வரவில்லை. வீரம்மா மட்டும் பெட்டியில் இருந்தாள்.

“நீ போகேல்லையே?” என்று செல்வநாயகம் கேட்டார்.

“இல்லீங்க. அம்மாவத் தனியா விட முடியுமா?” என்றாள் வீரம்மா.

வீட்டுக்கு வந்ததும் இரஞ்சிதம் ரவிக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, குசினியில் சுடுதண்ணீர் காய்ச்சச் சொல்லிக் கத்தினாள். கொதிக்கக் கொதிக்க அள்ளி ஊற்றினாள். சவர்க்காரம் போட்டுத் தேங்காய்த் தும்பால் உரஞ்சினாள். துவாயால் அழுத்தித் துடைத்தாள். வீரம்மா தன் பிள்ளைக்கு அறியாமல் செய்த பிழைகளை எல்லாம் அவளும் ஒவ்வொன்றாகச் செய்தாள். வீரம்மா முற்றத்துப் பூவரசின் கீழே இருந்து ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டாள். ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. பேச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்துக்கொண்டாள்; இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள்.

கடைசியில் செல்வநாயகம் வெளியே வந்தார். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

“வீரம்மா, உன்ர பிள்ளைக்கு என்ன செய்து மாறினது?”

“செய்யலாங்க. ஆனா பச்சத் தண்ணி நெறைய வேணும். வாளி வாளியா ஊத்தணும். கிணத்தடிக்குக் கூட்டிட்டு வாங்க.” அவள் எழும்பிச் சேலையைத் தட்டினாள். “நான் கிணத்தடிக்கு வரலாங்களா?”

செல்வநாயகத்துக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. அல்லது விளங்கியும் விளங்காதது போல இருந்தார்.

“வா, வா,” என்றார்.

கோயிலுக்குப் போகாமல் வீட்டுக்குக் காவலாக நின்ற தங்கம்மா, வீரம்மா கேட்டபடி, நன்றாகக் குழைந்த சோற்றைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் வீரம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். இரஞ்சிதம் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு கிணற்றுச் சீமெந்தில் குந்தியிருந்தாள். முதுகு முழுக்கத் தடித்து, நகம் பட்ட இடத்தில் இரத்தம் கசிந்தது. இடுப்பைச் சுற்றி வளையம்.

வீரம்மா அந்த வளையத்தைத்தான் முதலில் பார்த்தாள். சோற்றைப் பிசைந்து அப்பி, வெடுக்கென்று இழுத்தாள். இரஞ்சிதம் அலறினாள். இரண்டாவது தரமும் அப்படியே இழுத்தாள். மூன்றாவது தரம் கை தானாகத் தளர்ந்தது. எத்தனையோ இரவுகள் பிள்ளையின் தோலைத் தொட்டுப் பழகிய கை. வெந்த தோலைக் கண்டால் அதற்கு மெதுவாகத்தான் போகத் தெரிந்தது. மனதில் இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. கைதான் கேட்கவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாகவே இருந்தது.

“சொறியாதீங்க. தேய்க்காதீங்க. கைய மடில வைங்க.”

சோற்றோடு தவிட்டு மயிர் ஒட்டி ஒட்டி வந்தது. பிறகு பச்சைத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள். ஆறின கஞ்சியில் வெள்ளைத் துணியை நனைத்து முதுகில் போர்த்தினாள். இரஞ்சிதம் நீளமாக மூச்சு விட்டாள்.

“கடவுளே... இப்பத்தான் உயிர் வந்தது. நீ நல்லாயிருப்பாய் வீரம்மா. இது என்ன வருத்தமடி?”

“வருத்தம் இல்லீங்க. பூனைக்காலி. ஒங்க ரவிக்கைல போட்டிருந்துச்சு.”

“ஆர் போட்டது?”

“நான்தான்.”

இரஞ்சிதம் திரும்பினாள். வீரம்மா அவள் தோளைப் பிடித்து முன்பக்கம் திருப்பி, நழுவிய துணியை மறுபடி சரியாகப் போட்டாள்.

“சும்மா இருங்க, துணி விழுது. எம் புள்ளைக்கும் இந்த எடத்துலதான் வளையம். நீங்க குடுத்த சட்டைல இடுப்புப் பட்டி இருந்த எடம். ஒங்க மகளுக்கும் இதே எடத்துலதானே?”

இரஞ்சிதம் இடுப்பைக் கையால் பொத்தினாள்.

“நான்... தோய்ச்சுத்தானேயடி தந்தனான்.”

“அத நான் நம்புறேன். குடுத்தது தெரியாமக் குடுத்திருக்கலாம். கிணத்தடில வச்சுச் சொன்னது தெரிஞ்சு சொன்னது. எம் புள்ளய இன்னிக்கு எறக்கி விட்டது தெரிஞ்சு எறக்கினது.”

“இவருக்குச் சொன்னனெண்டா உன்னைப் பொலிசில குடுப்பார்.”

“சொல்லுங்க. ஏன் போட்டான்னு கேப்பாங்க. அதையும் நீங்கதான் சொல்லணும்.” வீரம்மா சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். “நாளைக்குப் பழம் பறிக்க எல்லாரும் வருவாங்க. இந்த எடத்துல நின்னு, எம் புள்ளைக்கு வருத்தம் இல்ல, சட்டைல பட்ட மருந்துதான்னு சொல்லுங்க.”

“சொல்லாட்டி?”

“காட்டுல பூனைக்காலி நெறையக் காச்சுக் கெடக்குங்க.”

மறுநாள் காலை இரஞ்சிதம் கிணற்றடிக்கு வந்தாள். கழுத்திலும் கையிலும் ரோசா நிற மருந்து காய்ந்து வெடித்துப் போயிருந்தது. பெண்கள் அவளைக் கண்டதும் பின்னுக்குப் போனார்கள். அது அவளுக்கு உறைத்ததோ என்னவோ, சொல்ல வந்ததை வேகமாகச் சொன்னாள்.

“ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை. எனக்குப் பட்டது பூனைக்காலி மயிர். வீரம்மாவின்ர பிள்ளைக்கும் தொத்து வருத்தமொண்டும் இல்லை. நான் குடுத்த சட்டையில மருந்து பட்டிருந்தது. என்ர மகளுக்கும் அதாலதான் வந்தது. பள்ளிக்கூடத்திலயும் சொல்லிவிடுறன்.”

மருந்து மிசினுக்குத் தண்ணீர் எடுக்க வந்த செல்வநாயகம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பூனைக்காலி எப்படி ரவிக்கைக்குள் வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் விளங்கியது. செல்வநாயகம் மனைவியைப் பார்த்தார், வீரம்மாவைப் பார்த்தார், வாளியை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

மத்தியானம் பறிப்பு நின்றதும் வீரம்மா வீட்டுக்குப் போய்ப் பேச்சியைக் கூட்டி வந்தாள். எரிகிற கையோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவள் கயிற்றைப் பிடித்துத் தண்ணீர் அள்ளி, பிள்ளையைச் சீமெந்தில் நிறுத்தித் தலையில் ஊற்றினாள். ஒரு வாளி போதும். ஆனால் அவள் இன்னொரு வாளி அள்ளினாள். இன்னொன்றும் அள்ளினாள். நின்றவர்கள் கையை உதறி ஊதிக்கொண்டு காத்திருந்தார்கள். ‘கெதியாய் அள்ளு’ என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. இரஞ்சிதம் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் போகத்துப் பறிப்பு முடிந்ததும் செல்வநாயகம் மாயாண்டியைக் கூப்பிட்டு, அடுத்த போகத்துக்கு ஆள் தேவைப்படாது என்றார். ஏசவில்லை, காரணமும் சொல்லவில்லை. மாயாண்டி இரண்டு நாள் வீரம்மாவோடு பேசாமல் இருந்தான். மூன்றாம் நாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தருமபுரம் பக்கம் போய், குத்தகைக்கு நிலம் பார்த்துவிட்டு வந்தான். அங்கே கச்சான் கடலை போட்டார்கள். முதல் வருசம் பன்றி அழித்தது. இரண்டாம் வருசம் கொஞ்சம் கைக்கு வந்தது. பேச்சி புதுப் பள்ளிக்கூடத்தில் முன் வாங்கில் இருந்தாள்.

தங்கம்மா ஒரு முறை அங்கே பார்க்க வந்தாள். திரும்பும்போது வேலிப் படலையில் நின்று மெதுவாகக் கேட்டாள்.

“அந்தப் பொம்பளய அப்பிடிச் செஞ்சிட்டமேன்னு ஒனக்கு எப்பவாச்சும் தோணுமா?”

வீரம்மா யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

“தோணல,” என்றாள். “தோணினாச் சொல்றேன்.”

பிறகு தங்கம்மாவின் பைக்குள் இரண்டு கை கச்சானைப் போட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்க ரோட்டு வரை கூட நடந்தாள்.